வந்த பிள்ளையை வரவில்லை என்றார்கள்

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் எனக்கு ஒரு பகையாளி கிடைத்தாள். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. போனுக்குள் இருந்து பேசுகிறவள். காலையில் ஆட்டுக் கொட்டத்தைக் கூட்டி முடித்து, கையைக் கழுவி, வெற்றிலையை மடித்து வாயில் வைக்கிற நேரமாகப் பார்த்து மணி அடிப்பாள். "அன்பார்ந்த பெற்றோரே, தங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வருகை தரவில்லை" என்பாள். ஏதோ மந்திரி வருவதாக இருந்து வராமல் போன கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.

நானும் சும்மா விடமாட்டேன். எம் பேத்தி விடிஞ்சதும் குளிச்சு, சடை பின்னி, பஸ் ஏறிப் போயிட்டாளே தாயி, நீ யாரைச் சொல்றே என்று கேட்பேன். அவள் காதிலேயே வாங்கமாட்டாள். சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். எனக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள். அவள்கூட என் பேச்சுக்கு நடுவில் இத்தனை திமிராகப் போனை வைத்ததில்லை. அது ஆள் இல்லை, மிஷின் என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். மருமகள் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. மகன் அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி, திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிறவன். அவன் போனை எடுத்தால் அன்றைக்கு மழை வரும். மிச்சம் இருந்தது நான்தான். இரண்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், பச்சைப் பொத்தான் எது சிவப்புப் பொத்தான் எது என்று எனக்குத் தெரியும்.

முதலில் நான் சந்தேகப்பட்டது என் பேத்தியைத்தான். பத்தாவது படிக்கிற பிள்ளை. எவனோடாவது மலைக்கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தேன். கேட்டால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வாள் என்று கேட்கவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். பாவாடை ஓரத்தில் புல்லு, முள்ளு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் படம் பார்க்கிற மாதிரி புரட்டுவேன். எல்லாம் சரியாக இருக்கும். மை காயாத எழுத்து. இவ்வளவு பக்குவமாக ஏமாற்றுகிறாள் என்றால் நம் ரத்தம்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

மருமகளிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு திருச்சி ரோட்டு மேல். எங்கள் முக்கில்தான் மில் வேன் வந்து நிற்கும். பிள்ளை படிக்கவில்லை என்றால் அந்த வேனில் ஏற்றிவிடுவேன் என்று மருமகள் சம்பளத்துக்குச் சம்பளம் சொல்வாள். அவள் தன் அம்மா வீட்டிலிருந்து அதே மாதிரி ஒரு வேனில் ஏறினவள்தான். பத்தாவது எழுதவில்லை. பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்து இன்றைக்கும் பொழுது விடிந்தால் இருமிக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். அவள் பயமுறுத்தச் சொல்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். நான் போனேன். மைக்கில் பெரிய டீச்சர், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ், பேசினாள். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாத பிள்ளைகளைப் பரீட்சை எழுத அனுப்பமாட்டோம், இப்போதே சொல்லிவிட்டோம், பிறகு வந்து அழாதீர்கள் என்றாள். போனுக்குள் இருக்கிற அந்த மிஷின்காரி தினமும் சொன்னதை எல்லாம் யாரோ கூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மறுநாள் காலையில் பேத்தி பையில் இருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து நானே அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் கிளம்பிப் போனாள். டப்பாவைக் கொடுக்கிற சாக்கில் அடுத்த டவுன் பஸ்ஸில் நானும் ஏறினேன். பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால், உளவு பார்க்கப் போகிற பாட்டிக்கும் கண்டக்டர் மரியாதையாக ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் ஆர்.எம்.காலனிப் பக்கம் திரும்பும்போது போன் அடித்தது. அவள்தான். தங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வருகை தரவில்லை. இருடி, இன்றைக்கு உன் குட்டும் உடையும், என் பேத்தி குட்டும் உடையும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் வாட்ச்மேன், சாப்பாட்டை அந்த மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். பிள்ளைக்கு ஒரு மாத்திரை கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பொய்யை அவிழ்த்தேன். அவர் ஆளை விட்டுக் கூப்பிட்டார். மாடிப் படியில் என் பேத்தி இறங்கி வந்தாள். யூனிபாரம், ரெட்டைச் சடை, விரலில் மை. நான் அவள் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன். நிஜப் பிள்ளைதான். கத்தினாள்.

"ஏத்தா, இன்னைக்கு நீ வரலைன்னு இப்பத்தான் போன்ல சொன்னா."

அவள் முகம் கறுத்துவிட்டது. படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "வீட்டுல வந்து சொல்றேன் அப்பத்தா. நீ போ. இங்க நிக்காத."

சாயங்காலம் ஆட்டுக் கொட்டத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், ஒரு குட்டியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு குறைவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு வியாழக்கிழமை அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். சந்தையில் வாங்கிய ஆட்டோடு வந்த அவள் அப்பன், ஏறு ஆத்தா, வழியில இறக்கிவிடுறேன் என்று தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கினாள். பின்னால் இருந்த ஆடுகள் கத்தின. ஆடு கத்தாமல் பாட்டா பாடும்? அங்கே நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அது அன்றைக்கோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் காலையில் டீச்சர் ஆஜர் எடுத்தாள். இவள் நம்பரைக் கூப்பிட்டதும் இவள் எழுந்து "உள்ளேன் மிஸ்" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி "மே" என்றாள். அதற்கடுத்த நாள் நாலைந்து பேர். அப்புறம் வகுப்பே கத்தியது. இவள் நம்பருக்கு முந்தின நம்பரைக் கூப்பிடும்போதே பெஞ்சுக்குப் பெஞ்சு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். இவள் வாயைத் திறந்தால் அது கத்துவதற்கு அடையாளம். அதனால் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். கையை மட்டும் தூக்கினாள்.

"டீச்சர் பாக்கலையா?"

"அவங்க போனைத்தான் பாப்பாங்க அப்பத்தா. அதுலதான் அட்டெண்டன்ஸ் போடணும். சத்தம் வரலைன்னா வரலைன்னு அமுக்கிருவாங்க. நான் போய்ச் சொன்னேன். வாயத் தொறந்து சத்தமாச் சொல்லு, உனக்கென்ன நாக்கு இல்லையான்னாங்க."

"கத்துறாளுகன்னு சொன்னியா?"

"அவங்களுக்குக் கேக்காதா? சைலன்ஸ்ம்பாங்க. ஒரு நாள் அவங்களும் சிரிச்சுட்டாங்க."

நான் பிறந்ததில் இருந்து கேட்கிற சத்தம் அது. அந்தச் சத்தத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளை பெற்றேன். புருஷன் செத்த அன்றைக்கும் கொட்டத்தில் அதே சத்தம்தான். அதில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தச் சத்தத்தைக் கொண்டுபோய் என் பேத்தி வாயில் துணி மாதிரி அடைத்துவிட்டார்கள். கத்துகிற பிள்ளைகள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன கொதிக்கிறது? எங்கள் வண்டியில் வந்து இறங்கினதுதானே? சப்புக் கொட்டித் தின்கிற வாய்க்கு, அது இறங்கின வண்டியைக் கண்டால் மட்டும் மூக்கைப் பொத்தத் தோன்றுகிறது.

மகனிடம் சொன்னேன். அவன், நான் வந்தால் எவன் மண்டையையாவது உடைத்துவிடுவேன் என்றான். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய் இவன் யார் மண்டையை உடைப்பான்? நீ வராதே அப்பு என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

பெரிய டீச்சர் அறைக்கு வெளியே எங்களை நிற்க வைத்தார்கள். சுவரில் பள்ளிக்கூட விதிகள் பெரிய பெரிய எழுத்தில் இருந்தன. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். அத்தனை விதியையும் கூட்டி வாசித்து முடிக்கிற அளவுக்கு எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். வருகை பற்றித்தான் முதல் விதி, சிவப்பில். நகம், சடை, கொலுசு, பூ என்று வரிசையாக இறங்கி, கடைசியில் ஜன்னலுக்குக் கீழே, நாற்காலி மறைக்கிற இடத்தில், சக மாணவியரைக் கேலி செய்வது தண்டனைக்குரியது என்று ஒரு வரி. பக்கத்தில் புகார்ப் பெட்டி. அதன் வாயில் யாரோ மிட்டாய்க் காகிதத்தைச் செருகியிருந்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டேன். "எனக்கு முந்தி இருந்த ஆயாகிட்ட இருந்துச்சு" என்றாள்.

உள்ளே போனோம். பெரிய டீச்சர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அந்த நல்ல மாதிரிதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வருகை எல்லாம் சிஸ்டத்தில் ஏறிவிட்டது, ஏறினதை மாற்ற முடியாது என்றாள். பிள்ளை தினமும் வகுப்பில்தானே இருந்தாள் என்றால், இருந்தது வேறு, ஆஜர் சொன்னது வேறு என்றாள். வகுப்பு டீச்சரும் வந்து நின்றாள். சின்ன வயசுப் பெண். கையில் அந்தப் போன்.

"கத்துறாங்கன்னு சொல்றீங்க. யாருன்னு பேர் சொல்லச் சொல்லுங்க பாட்டி. உடனே ஆக்ஷன் எடுக்கறேன். அதான் ரூல்."

எல்லாரும்தான் கத்துகிறார்கள். எல்லார் பேரையும் சொன்னால் இவள்தான் பைத்தியக்காரி. ஒருத்தி பேரைச் சொன்னால் நாளைக்கு அந்த ஒருத்தி இவளை உயிரோடு வைப்பாளா? பேத்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வகுப்பு டீச்சர், எல்லாம் விளையாட்டுக்குச் செய்கிறதுதான் மேடம், இவள் கொஞ்சம் சென்சிட்டிவ் என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன விதத்தில், தப்பு என் பேத்தி மேல்தான் என்று புரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பது மறந்து போனது. சந்தையில் பேசுகிற குரலில் பேசிவிட்டேன்.

"ஏம்மா, சந்தையில நாங்க ஆடு எண்ணுறப்ப கத்துனாத்தான் கணக்குன்னா வச்சிருக்கோம்? முதுகுல போட்ட சாயத்தப் பாத்து எண்ணுவோம். கத்தாத ஆட்டக் காணாமப் போச்சுன்னு எந்த முட்டாளாச்சும் சொல்லுவானா?"

எங்களுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. வாங்கின ஆட்டின் முதுகில் ஆளாளுக்கு ஒரு சாயம் பூசுவோம். வண்டியில் ஏற்றும்போது அந்தச் சாயத்தை வைத்துத்தான் எண்ணுவோம். எங்கள் வீட்டில் பிள்ளையைக் கொஞ்சினாலும் ஆட்டுக்குட்டிதான், வைதாலும் ஆட்டுக்குட்டிதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் குடிக்கப் போன பிள்ளைகள் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நான் பேசி முடித்ததும் வெளியே இருந்து ஒரு "மே" வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு சிரிப்பு.

பெரிய டீச்சர் உதட்டை மடித்துக்கொண்டு சொன்னாள். "பாருங்க பாட்டி. நீங்களே ஆடுன்னுதான சொல்றீங்க."

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வெளியே போய்விட்டாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தும் வந்து உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றபடி வந்தாள்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. மருமகள் நைட் ஷிப்ட் முடிந்து, காதில் பஞ்சோடு வந்து, பிள்ளை படுத்திருப்பதைப் பார்த்தாள். காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்தாள். பேத்தி போர்வைக்குள் இருந்தே சொன்னாள்.

"நான் மில்லுக்கு வாரேம்மா. வேன்ல எனக்கு ஒரு சீட்டுக் கேளு."

மாசா மாசம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பயமுறுத்தினவள் என் மருமகள். இப்போது அதைப் பிள்ளை வாயில் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டுப் பையைக்கூடத் தோளில் இருந்து இறக்கவில்லை. அப்புறம்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் இருமினாள்.

பேத்தி சும்மா சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வேன் வந்தபோது தானே முக்குக்குப் போய் டிரைவரிடம் கேட்டுவிட்டு வந்தாள். வயசெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வாரம் பிறந்ததும் வா பாப்பா, இடம் போட்டு வைக்கிறேன் என்று அவனும் சொல்லிவிட்டான். வந்தாலும் வரவில்லை என்று தினமும் போன் அடிக்கிற பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வருகிறேன் என்றதும் இடம் போடுகிற வேன் ஒரு பக்கம்.

அவள் எழுந்திருக்காத அன்று காலையிலேயே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இன்றைக்கு அவள் கூப்பிட்டால் சண்டை போடக் கூடாது, ஆமா தாயி, இன்னைக்குத்தான் நீ நெசம் பேசுறே என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. சார்ஜ் போய்விட்டதோ என்று பார்த்தேன். அதற்கடுத்த நாளும் அவள் வாயைத் திறக்காமல் போனபோதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கிழவி திரும்பவும் வந்து சத்தம் போடுவாளே என்று பயந்து, அந்த டீச்சர் என் பேத்தி பேருக்கு நேராகக் கண்ணை மூடிக்கொண்டு "வந்தாள்" என்று அமுக்கிக்கொண்டிருக்கிறாள். பெஞ்சு காலியாக இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கோபம் வந்தது. வந்த பிள்ளையைத்தான் பார்க்கவில்லை என்று நினைத்தேன். வராத பிள்ளையையும் பார்க்கவில்லை. அவர்களுக்கு என் பேத்தி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டினேன். தலையை வழித்துச் சீவினேன். தனியாகப் போனேன். பெரிய டீச்சர் அறையில், கையைக் கட்டிக்கொண்டு, என் குரலே எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்குத் தணிவாகச் சொன்னேன். நிலக்கோட்டையில் ஒரு சொந்தம் செத்துப்போச்சு, எடுக்கிறதுக்குள்ளே போகணும், பேத்தியை அனுப்பி வையுங்கம்மா என்றேன். செத்ததாக நான் சொன்ன அந்தச் சொந்தம், என் சித்தி மகன், இன்றைக்கும் பூ மார்க்கெட்டில் கணீரென்று ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஆயுசு கெட்டி.

அன்றைக்குப் போட்ட சண்டையை மறந்துவிட்டேன் என்று பெரிய டீச்சருக்குச் சந்தோஷம். தன் போனில் வருகைக் கணக்கைப் பார்த்தாள். "வந்திருக்காளே. இந்தா, கூப்பிடச் சொல்றேன்" என்றாள். ஆயா போனாள். ஆயா மட்டும் வந்தாள். வகுப்பில் இல்லை என்றாள். பாத்ரூமில் பார் என்றாள் பெரிய டீச்சர். ஆயா போனாள், வந்தாள். லைப்ரரியில் பார் என்றாள். அங்கேயும் இல்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எந்தப் பிள்ளையாவது வெளியே போனதா என்று கேட்டாள். கேட்டைத் திறக்கவே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணினார். வகுப்பு டீச்சர் ஓடி வந்தாள். யாரோ பின்பக்கத்துக் கிணற்றைப் போய் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதறாதீங்க பாட்டி, பதறாதீங்க என்று பெரிய டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் பதறவில்லை. அவள்தான் பதறி, தண்ணீரை என் சேலையில் சிந்தினாள். செத்த நேரம் தேடட்டும் என்று விட்டுவிட்டேன். கிணற்றுப் பக்கம் ஓடின ஆயாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. மற்றவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை.

"காலையில அந்தப் பொண்ணப் பாத்தீங்களா?" என்று பெரிய டீச்சர் வகுப்பு டீச்சரிடம் கேட்டாள்.

"பிரசெண்ட் போட்ருக்கேன் மேடம்."

"போட்டது தெரியுது. பாத்தீங்களான்னு கேட்டேன்."

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு நாக்கு இல்லை.

அப்போதுதான் நான் பேசினேன். சத்தம் போடவில்லை. "தேட வேணாம். அவ வீட்டுல படுத்திருக்கா. அன்னைக்கு இங்க இருந்து போனவ, இன்னும் இந்த வாசல மிதிக்கல."

அப்புறம் பெரிய டீச்சருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபம் வந்தது. என்ன பாட்டி விளையாடுறீங்களா, இத்தனை பேர் வேலையைக் கெடுத்து, சாவு என்று பொய் சொல்லி, போலீஸைக் கூப்பிடவா என்றாள்.

"கூப்பிடுங்க. நானும் இருக்கேன். வந்தப்பல்லாம் வரலைன்னீக. வராதப்ப வந்துட்டாங்கிறீக. எம் பேத்தி அந்தக் கெணத்துல கெடந்திருந்தா போலீஸ்காரன்கிட்ட என்ன சொல்லிருப்பீக? உள்ளேன் மிஸ்னு சொன்னாள்னா?"

வகுப்பு டீச்சர் அழ ஆரம்பித்தாள். மணி அடித்துச் செத்த நேரத்துக்குள் எல்லாரையும் போனில் ஏற்றிவிட வேண்டுமாம். சிக்னல் கிடைக்காதாம். தாமதமானால் மேலே இருந்து கேள்வி கேட்பார்களாம். தலையைத் தூக்கினால் நேரம் போய்விடுமாம். அவள் கஷ்டம் அவளுக்கு. கேட்டுக்கொண்டேன். அதற்காக என் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. மேலே இருக்கிறவனுக்குப் பயந்து போனைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை.

மாற்றவே முடியாது என்று சொன்ன சிஸ்டம், அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்ற முடிகிற சிஸ்டமாக ஆனது. டீச்சர் தவறு என்று மேலிடத்துக்கு எழுதினால் பழைய நாளை எல்லாம் திருத்தித் தருவார்களாம். பரீட்சைக்கு ஒரு தடையும் வராது, நான் பொறுப்பு என்றாள் பெரிய டீச்சர். அந்த வாசல் முதலிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் நின்ற பக்கம்தான் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

கத்துவதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாளைக்கே அசெம்ப்ளியில் மைக்கில் கண்டிக்கிறேன் என்றாள். வேண்டாம் தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மைக்கில் சொன்னால் இது வரைக்கும் தெரியாத பிள்ளைகளும் கத்தக் கற்றுக்கொள்ளும்.

"நம்பரக் கூப்பிடுறப்ப டீச்சரம்மா நிமுந்து பாக்கட்டும். அது போதும். எவ வாயி தொறந்திருக்குன்னு அவுகளுக்கே தெரியும். பேர் சொல்லச் சொல்லி எம் பிள்ளையக் கேக்க வேணாம்."

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். கிணற்றுப் பக்கம் ஆயா ஓடினதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆட்டப் பத்திப் பேசுனியா?"

"பேசல."

"சத்தியமா?"

"உங்க தாத்தா மேல சத்தியமா."

"தாத்தாதான் செத்துட்டாருல்ல."

"அதான் தைரியமாச் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கப் பார்த்து, முடியாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். திங்கட்கிழமை போறேன். ஆனா நீ பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது. சாப்பாட்டு டப்பாவையும் ஒளிச்சு வைக்கக்கூடாது. அது நான்தான் என்று அவளுக்கு எப்போது தெரிந்ததோ.

திங்கட்கிழமை போனாள். போன் அடிக்கவில்லை. ஆனால் அடிக்காத போனை நான் எப்படி நம்புவது? அடித்தாலும் பொய், அடிக்காவிட்டாலும் பொய் என்று ஆன பிறகு அது வெறும் டப்பா. வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் போகவும் முடியவில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்த மருமகள், தூங்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வெங்காயம் உரித்தேன். அன்றைக்குத் தேவைக்கு மேல் நிறைய உரித்துவிட்டேன். ராத்திரி சோற்றுக்குத் தொட்டுக்கிற வெஞ்சனம், மறுநாள் வெஞ்சனம் எல்லாம் வெங்காயமாகவே போனது.

சாயங்கால பஸ்ஸில் இறங்கி வந்தாள். கை கால் கழுவினாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"சொன்னேன்."

"கத்துனாளுகளா?"

"ம். மிஸ் நிமுந்து பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கத்தல."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல. அடுத்த நம்பரக் கூப்பிட்டாங்க."

அவ்வளவுதான். இந்த ஒரு தலை நிமிர்வதற்காக ஒரு பிள்ளை வாய்மூடிக் கிடக்க வேண்டியிருந்தது. நான் உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடிக்க வேண்டியிருந்தது. அந்த ஆயா கிணறு வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்தப் புகார்ப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். சாவி யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

வேன் வருகிற நேரமானது. மருமகள் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பேத்தி அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முக்கு வரைக்கும் கூடப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வேன் வந்து நின்றது. மருமகள் ஏறினாள். பேத்தி பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றாள். டிரைவர் தலையை நீட்டி, பாப்பாவுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன், ஏறலையா என்று கேட்டான்.

நான் தொண்டையைச் சரி செய்துகொண்டு, போனுக்குள் இருக்கிற அந்தப் பொம்பளை மாதிரியே இழுத்துச் சொன்னேன்.

"தங்கள் குழந்தை இன்று மில்லுக்கு வருகை தரவில்லை."

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேன் கிளம்பிப் போனது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இல்லை, என் மருமகள் சிரித்திருக்கலாம்.